ஓரியின் அம்பும் இரட்டைக்குழல் துப்பாக்கியும்

சேலத்திலிருந்து நாமக்கல் செல்வோர்க்கு இராசிபுரத்தைக் கடந்ததும் கிழக்கே கொல்லிமலை நீண்டு தோன்றும். அம்மலைக்குத் தலைவனாயிருந்தவன் வல்வில் ஓரி. அவன் எய்த அம்பொன்று யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவிச் சென்று, புற்றிலிருந்த உடும்பிலும் தைத்தது என்பார் வன்பரணர். புறநானூற்றின் 152ஆம் பாட்டில் இதனைக் காணலாம். வகுப்பில் இதனை நடத்துங்கால் மாணவர் நகைப்பர். புலவர் மிகைபடக் கூறினார் என்பது மெய்யே. ஆயினும், வேட்டையில் வேண்டுவது ஆழச் செல்லும் ஆற்றலே என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

துப்பாக்கி வந்தபின் அவ்வறிவு மங்கியது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்பின் உரிமம் பெற்றோர் பலர் கையாண்டது பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் துப்பாக்கி. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் குறுக்களவு எதுவோ, அதுவே அக்குழலின் அளவு. ஏறத்தாழ பதினெட்டரை மில்லிமீட்டர்.

குழலின் வாயைச் சற்றே சுருக்கி, ரவைகள் சிதறாது செல்லச் செய்யும் முறையை 'சோக்' என்பர். பர்மிங்காம் நகரத்துக் கிரீனர் என்பார் 1874இல் இதனைச் செம்மைப்படுத்தினார். முழுச் சுருக்கம் என்பதே ஒரு மில்லிமீட்டர் அளவினதுதான். அதன் பயனோ பெரிது. நாற்பது கஜத்தில், முப்பது அங்குல வட்டத்துள், சுருங்காத குழல் நூற்றுக்கு நாற்பது ரவைகளையும், முழுதும் சுருங்கிய குழல் எழுபது ரவைகளையும் சேர்க்கும். கௌதாரிக்கு இது நன்று. மானுக்கோ?

கரும்பலகைக் கணக்காகவே பார்ப்போம். எஸ்.ஜி. ரவை ஓர் அவுன்சுக்கு எட்டு. சுருங்காத குழலில் அவ்வட்டத்துள் விழுவன மூன்று. மானின் நெஞ்சறையோ ஒரு சாண் அகலம். பரப்பில் அவ்வட்டத்தின் பதினொன்றில் ஒரு பங்கு. ரவைகள் சீராகப் பரவினால் நெஞ்சில் ஒன்றேனும் படுவது அரிது. சுருக்கத்தை மிகுத்தாலும் பெரிய ரவைகள் நசுங்கி நெறி பிறழும்.

இதற்கு மாற்று ஒற்றைக் குண்டு. குழலளவுக் குண்டைச் சுருங்கிய குழலில் இட்டால் குழலுக்கே கேடு. ஆதலின் அறிந்தோர் சுருங்காத குழலிலேயே அதனை இடுவர். 1885இல் பாஸ்பரி என்னும் படைத்தலைவர் குழலின் நுனியில் மட்டும் புரிவெட்டி, குண்டு சுழன்று நேரே செல்லச் செய்தார். 1898இல் ஜெர்மானியர் பிரென்னெக்கே, சுருங்கிய குழலிலும் நெகிழ்ந்து செல்லும் விளிம்புகளையுடைய குண்டை ஆக்கினார். நம் சிற்றூர்களிலோ கிடைத்த தோட்டாவே தோட்டா.

என் பாட்டனாரிடம் பயிர்க்காவலுக்கென உரிமம் பெற்ற துப்பாக்கி ஒன்று இருந்தது. நான் சிறுவனாயிருந்தபோது, ஒரு தைத் திங்கள் விடியலில், சோளக்கொல்லையில் நின்ற புள்ளிமானை அறுபது கஜத்திலிருந்து ரவைத் தோட்டாவால் சுட்டார். மான் துள்ளி ஓடிற்று. மூன்றாம் நாள் பருந்துகள் வட்டமிட்ட ஓடையில் அதனைக் கண்டோம். வயிற்றில் ஒரே ரவை. நெஞ்சில் ஒன்றுமில்லை. பாட்டனார் நெடுநேரம் அங்கேயே அமர்ந்திருந்தார். துப்பாக்கி பரணேறிற்று.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. பாட்டனார் அதற்கு முன்பே உரிமத்தைப் புதுப்பியாது விட்டிருந்தார். கொல்லிமலையில் ஆண்டுதோறும் ஆடித் திங்களில் ஓரிக்கு விழா எடுக்கின்றனர். அங்கு வில்வித்தைப் போட்டியும் உண்டு.