கழட்ட முதல் கட்டை வை: முட்டுக்கட்டையின் சின்ன வரலாறு

"இங்க என்ன மலையா இருக்கு, உருள?"

மாமா அன்றைக்குக் கேட்ட கேள்வி இது. உடப்பில பிறந்த ஆளுக்கு அது நியாயமான கேள்விதான். மேற்கே கடல், கிழக்கே களப்பு, நடுவில நாங்கள் இருக்கிற மணல் கீற்று. புத்தளம் மாவட்டக் கரையோரம் முழுக்கவே அப்படித்தான், கண்ணுக்கு எட்டின வரைக்கும் தட்டை.

மாமா லேண்ட்மாஸ்டர் பெட்டியில கரைவலையை ஏற்றிக்கொண்டு வந்து வாடிக்குப் பக்கத்தில நிறுத்தினார். மெஷின் வேறொரு வேலைக்குத் தேவைப்பட்டது. பெட்டியை அங்கேயே விட்டிட்டு மெஷினை மட்டும் கொண்டு போகலாம் என்று, கொளுவியிருந்த பின்னை உருவினார். பெட்டி மெதுவாகப் பின்னுக்குப் போகத் தொடங்கினது. ஓடிப்போய்ப் பின்னால நின்று தோள் கொடுத்துத் தடுக்கப் பார்த்தார். இன்றைக்கும் இடது காலைச் சாய்ச்சுத்தான் நடக்கிறார்.

நான் கலைப்பீடத்தில வரலாறு படிக்கிறேன். அரசர், போர், ஒப்பந்தம் எல்லாம் பாடத்தில வரும். சில்லுக்குக் கீழ வைக்கிற கட்டைக்கும் ஒரு வரலாறு இருக்கு என்று யாரும் சொல்லித் தரவில்லை. மாமாவின் காலைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் அதைத் தேடத் தொடங்கினேன்.

திட்டுச் சொல்லாகிப் போன கருவி

"அவர் எல்லாத்துக்கும் முட்டுக்கட்டை போடுறார்." பத்திரிகையைத் திறந்தால் வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்தச் சொல் கண்ணில படும். நல்ல வேலையைத் தடுக்கிறவர் என்று அர்த்தம். ஆனால் முட்டுக்கட்டை முதலில ஒரு திட்டு இல்லை. அது தேர்ச் சில்லுக்குக் கீழ வைக்கிற ஆப்பு வடிவக் கட்டை.

சிலாபத்துக்குப் பக்கத்தில இருக்கிற முன்னேஸ்வரத்துத் தேர்த் திருவிழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். தமிழரும் சிங்களவரும் சேர்ந்து கூடுகிற கோயில் அது. எல்லார் கண்ணும் சுவாமியில இருக்கும், இல்லாட்டி வடத்தில இருக்கும். தேரை இழுக்க நூறு பேர் கிடைப்பார்கள். ஆனால் வடத்தால இழுக்கத்தான் முடியும், நிறுத்த முடியாது. கயிற்றைத் தள்ளி ஒரு பாரத்தைப் பின்னுக்கு அனுப்ப ஏலாதுதானே? தேரை நிறுத்துறதும், வீதி மூலையில திருப்புறதும் சில்லுக்குப் பக்கத்தில கட்டையோட குனிஞ்சு நடக்கிற சில பேர்தான். கட்டையை நேராக வைத்தால் தேர் நிற்கும். சரிச்சு வைத்தால் சில்லு அதில உரசித் திரும்பும். கை கொஞ்சம் பிந்தினால் அவர்களுக்குத்தான் முதல் ஆபத்து.

தமிழ்நாட்டில திருவாரூர் ஆழித்தேருக்கு இப்போது திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த ஹைட்ராலிக் பிரேக் இருக்கிறது. அதற்குப் பிறகும் அங்கே முட்டுக்கட்டை போடுகிறவர்கள் தேவைப்படுகிறார்கள். வள்ளுவர் தேரின் அச்சாணியைப் புகழ்ந்து ஒரு குறள் எழுதினார். முட்டுக்கட்டைக்குக் குறள் கிடைக்கவில்லை. கடைசியில அதன் பெயரையும் நாங்கள் வசையாக்கி விட்டோம்.

மாட்டு வண்டி ஏன் உருளவில்லை?

எங்கட தாத்தாமார் மாட்டு வண்டி வைத்திருந்த காலத்திலும் இந்தப் பிரச்சினை இருந்திருக்கும். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. மாட்டை அவிழ்த்ததும் வண்டியின் முன்பக்கம் கீழே இறங்கி, நுகத்தடி நிலத்தில குத்தி நிற்கும். அதுவே ஒரு பிரேக். வண்டியை மட்டமாக நிறுத்த வேண்டுமென்றால் முன்னால ஒரு தடியை முட்டுக் கொடுப்பார்கள். அப்போது சில்லுக்கும் கல் வைப்பார்கள்.

இப்போதைய பெட்டிகளில, வெளிநாட்டில கார் பின்னால இழுத்துத் திரியிற கேரவன்களில, முன்னால ஒரு சின்னச் சில்லு இருக்கும். தள்ளுறதுக்கு நல்ல வசதி. ஆனால் நிலத்தில குத்தி நிற்கிற மூக்கு இல்லாமல் போய்விட்டது. இழுக்கிற வாகனத்தின் பிரேக்தான் அதுவரைக்கும் இரண்டையும் பிடிச்சுக் கொண்டிருந்தது. பின்னை உருவின அந்த நொடியில பெட்டிக்கு இருந்த ஒரே பிரேக்கும் போய்விடுகிறது.

ஆர்மா, 1889

கழட்டுகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்பதை உலகம் மிகக் கொடூரமாகப் படித்தது ஒரு ரயிலில. 1889 ஜூன் 12, அயர்லாந்தின் ஆர்மா நகரம். ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் பெற்றோருமாகச் சுமார் 940 பேர் 15 பெட்டிகளில கடற்கரைக்குச் சுற்றுலா போனார்கள். ஏற்றத்தின் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால என்ஜின் இழுக்க முடியாமல் நின்றுவிட்டது.

ரயிலை இரண்டாகப் பிரித்து, முன் ஐந்து பெட்டிகளை முதலில கொண்டு போய் விட்டிட்டு வருவோம் என்று முடிவு செய்தார்கள். அந்த ரயிலின் பிரேக் என்ஜினோடு தொடுத்திருக்கும் வரைக்கும்தான் வேலை செய்யும். கழட்டினால் பின் பத்துப் பெட்டிகளுக்கும் மிச்சம் கடைசி வண்டியின் கைப்பிரேக் மட்டும். அதனால சில்லுகளுக்குப் பின்னால கற்களை வைத்தார்கள். முன்பகுதி புறப்படும்போது கொஞ்சம் பின்வாங்கி, கழட்டி விட்ட பெட்டிகளில இடித்தது. கற்கள் நொறுங்கின. பத்துப் பெட்டிகளும் சரிவில ஓடி, பின்னால வந்த இன்னொரு ரயிலில மோதின. 80 பேர் இறந்தார்கள். அதில பலர் பிள்ளைகள்.

அதே வருடம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் கொண்டு வந்தது. பயணிகள் ரயிலில, பெட்டி பிரிந்தால் தானாகப் பிடிக்கிற பிரேக் கட்டாயமானது. அப்படிப்பட்ட பிரேக்கை அமெரிக்காவில வெஸ்டிங்ஹவுஸ் 1870களின் தொடக்கத்திலேயே செய்துவிட்டார். அது அந்த ரயிலில இல்லை, அவ்வளவுதான்.

இதில என்னை நிறுத்தி வைத்தது அந்த ஏற்றத்தின் அளவு. 75 அடி போனால் ஒரு அடி உயரம். எங்கட மணல் ரோட்டில அப்படி ஒரு சரிவு இருந்தால் நீங்களும் நானும் "தட்டை" என்றுதான் சொல்லுவோம். ஒரு டன் பாரப் பெட்டியை அந்தச் சரிவு கீழே இழுக்கிற விசை ஏறக்குறைய 13 கிலோ. தார் ரோட்டில காற்று நிறைஞ்ச டயர் கிட்டத்தட்ட அந்த அளவுக்குத்தான் தாங்கிப் பிடிக்கும். ஒரு சின்னத் தட்டுப் பட்டால் போதும். மாமாவின் கேள்விக்குப் பதில் அதுதான்: உருள மலை தேவையில்லை.

லக்-மெகாந்திக், 2013

124 வருடம் கழித்தும் அதே பாடம். 2013 ஜூலை 6, கனடாவின் கியூபெக் மாகாணம். 72 தாங்கி வண்டிகளில மசகு எண்ணெயோடு ஒரு ரயிலை 1.2 சதவீதச் சரிவில நிறுத்தி வைத்திருந்தார்கள். ஏழு கைப்பிரேக்தான் போட்டிருந்தது. அது போதுமா என்று சோதித்தபோது என்ஜினின் காற்றுப் பிரேக்கும் பிடித்திருந்தது, அதனால ரயில் அசையவில்லை, போதும் என்று நினைத்தார்கள். பிறகு என்ஜினில தீப்பிடித்து, அதை அணைக்கும்போது என்ஜினை நிறுத்தினார்கள். காற்று மெல்ல மெல்லக் கசிந்தது. ரயில் உருண்டு லக்-மெகாந்திக் நகரத்துக்குள்ள போய்த் தடம்புரண்டு வெடித்தது. 47 பேர் இறந்தார்கள்.

மெஷின் பிடித்துக் கொண்டிருக்கும்போது "பெட்டி அசையேல்லையே" என்று நினைத்த மாமாவும் அதே தவறைத்தான் செய்தார்.

அப்போ என்ன செய்யிறது?

கொளுவி இருக்கும்போதே கட்டை வையுங்கள். இரண்டு சில்லுக்கும், முன்னும் பின்னும், டயரோடு ஒட்டி. உருண்டைக் கல்லும் செங்கல்லும் வேண்டாம். ஒன்று வழுக்கும், மற்றது ஆர்மாவில மாதிரி நொறுங்கும். ஆப்பு வடிவ மரக்கட்டை நல்லது. மணலில கட்டை புதைஞ்சு போகும், கீழே ஒரு பலகை போடுங்கள். அடுத்து முன்கால் அல்லது சின்னச் சில்லை இறக்குங்கள். பின்னை உருவ முதல், இழுக்கிற வாகனத்தின் பிரேக்கை மெதுவாகத் தளர்த்தி, பெட்டி கட்டையில சாய்ந்து நிற்குதா என்று பாருங்கள். நின்றால் மட்டும் கழட்டுங்கள். திரும்பக் கொளுவும்போது கட்டையைக் கடைசியாக எடுங்கள். மீறி உருண்டால் விட்டுவிடுங்கள். பெட்டியைத் திருத்தலாம்.

மாமா இப்போது இரண்டு கட்டைகளை நைலோன் கயிற்றால சேர்த்துக் கட்டிப் பெட்டியின் பக்கத்தில தொங்க விட்டிருக்கிறார். மச்சான் பெட்டியைக் கழட்டப் போனால் தூரத்தில இருந்தே கத்துவார், "டேய், கட்டை!" என்று. போன லீவுக்கு வீட்டுக்குப் போனபோது முட்டுக்கட்டை என்ற சொல்லின் கதையை அவருக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் காலைத் தடவிக்கொண்டு இருந்தார்.

"அப்போ எனக்கு அண்டைக்கு ஒருத்தர் முட்டுக்கட்டை போட்டிருக்கோணும்," என்றார்.