பயன் மறந்த அடுக்களைக் கருவிகள்: ஆவடி வட்டாரம்

வீட்டிலேயே இருந்தும் எதற்கென்று வீட்டாருக்குத் தெரியாமல் போன பழைய சமையல் சாமான்கள் பல. பரணிலும், பழைய பாத்திரம் எடுப்பவரின் சாக்கிலும், கலைப்பொருள் கடையின் கண்ணாடி அலமாரியிலும் இவை அகப்படுகின்றன. கையாண்டவர் மறைந்துவிட்டால் பொருளை வைத்தே பயனை ஊகிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஊகத்துக்கு வடிவத்தைவிடத் தேய்மானமே நம்பகமான சாட்சி.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பகுதியில் இத்தகைய சாமான்கள் இரண்டு வழிகளில் சேர்ந்தன. திருமுல்லைவாயில், திருநின்றவூர், பருத்திப்பட்டு போன்ற பழைய ஊர்கள் ஏரிப் பாசனத்தில் நெல் விளைத்தவை. அவற்றின் வீடுகளில் உரல், உலக்கை, முறம், திருகை, படி என்று நெல்லைச் சுற்றிய சாமான்கள் இருந்தன. 1960களில் ஆவடியில் கன ஊர்தித் தொழிற்சாலை வந்தது. ஊர்க்காரர் பேச்சில் அது டேங்க் பேக்டரி. படைத்துறை உடைத் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால், பல மாநிலத்தார் தத்தம் அடுக்களையோடு குடியேறிய இடம் இது. ஆகவே இங்கே கிடைக்கும் ஒரு சாமான் தமிழ்நாட்டுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அரிவாள்மணைபோல இருந்து வளைவு மட்டும் மாறியிருந்தால் அது வங்காளிகள் மீன் நறுக்கும் ‘போட்டி’யாக இருக்கலாம்.

பழையவற்றை ஓரங்கட்டியது மின்சாரம். கோயம்புத்தூரில் 1950களில் உருவான வெட் கிரைண்டரும் 1960களில் வந்த மிக்சியும் முதலில் வசதியுள்ள வீடுகளுக்கே போயின. 2011 செப்டம்பர் 15 அன்று, ஆவடிக்கு மேற்கே திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கியது. மிச்சமிருந்த அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் வேலை போனது அதன் பிறகுதான். அம்மி கல்யாண மண்டபங்களில் மட்டும் பதவியில் இருக்கிறது. மணமகள் மிதிக்க ஒன்று வேண்டுமே.

தடயங்கள்

கருவியைப் பார்த்துப் பயனை ஊகிப்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1863இல் ராபர்ட் புரூஸ் பூட் கற்கருவிகளைக் கண்டெடுத்த அதிராம்பாக்கம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் ஆய்வு வெளியானது. கற்கருவி ஆய்வாளர் விளிம்பின் தேய்மானத்தைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். அடுக்களைச் சாமானுக்கு அவ்வளவு வேண்டாம், வெறுங்கண் போதும். பார்க்க வேண்டியவை நான்கு: கரி எங்கே படிந்திருக்கிறது, கை எங்கே பிடித்து வழவழப்பாகியிருக்கிறது, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, துளையோ பள்ளமோ எதைத் தடுக்க, எதை விட.

மத்து நல்ல எடுத்துக்காட்டு. ஒரே மரம், ஒரே நீளம், ஆனால் வேலை வேறு. தயிர் மத்தின் தண்டில் கடைகயிறு அறுத்த வளையத் தடங்கள் வரிவரியாக இருக்கும், தலை கீற்றுக் கீற்றாகப் பிளந்திருக்கும். கீரை மத்தில் கயிற்றுத் தடம் இராது. சட்டியின் குழிவில் உருண்டு உருண்டு அடிப்பகுதி மொழுமொழுவென்று ஆகியிருக்கும், மரத்தில் கருமை ஊறியிருக்கும். அம்மியையும் அப்படியே படிக்கலாம். முகம் கண்ணாடியாக வழுக்கினால் அது கொத்தப்பட்டு வெகுகாலம் ஆகிவிட்டது என்று பொருள். அம்மி கொத்துபவர் தெருவில் கூவி வந்த காலத்தில் எந்த வீட்டிலும் அதை அந்த நிலைக்கு விட்டிருக்க மாட்டார்கள்.

இதனால்தான் பழைய சாமான் கிடைத்தவுடன் புளி போட்டுப் பளபளவென்று துலக்குவது தவறு. கரியும் கறையும் போய்விட்டால் சாட்சியும் போய்விடும். கடைகளில் அழகுப் பொருளாக விற்பவை பெரும்பாலும் இப்படித் துலக்கப்பட்டவை, அல்லது அடுப்பையே பார்க்காத புதுப் பிரதிகள்.

தவறாக ஊகிக்கப்படுபவை

நீண்ட இரும்புக் கம்பியின் நுனியில் பூ வடிவ வார்ப்பு இருந்தால், மாட்டுக்குச் சூடு போடும் கோல் என்பார்கள். அது அச்சு முறுக்கு அச்சு. அதை முதலில் காய்ந்த எண்ணெயிலேயே வைத்துச் சூடேற்ற வேண்டும். பிறகு மாவில் முக்கால் உயரம் வரைதான் முக்க வேண்டும். மேல்விளிம்பும் மாவில் மூழ்கிவிட்டால் முறுக்கு அச்சை மூடிக்கொள்ளும், உதறினாலும் கழலாது. பயன்பட்ட அச்சின் மேல்விளிம்பிலும் பக்கவாட்டிலும் எண்ணெய்ப் பிசுக்கு வேறு வேறு நிறத்தில் இருப்பதற்கு இந்தக் கணக்கே காரணம். ஒரு முனையில் பல் வைத்த சிறு சக்கரமும் மறுமுனையில் கரண்டியும் உள்ள பித்தளைச் சாமானைத் தையற்காரர் கருவி என்று எண்ணுவோர் உண்டு. அது சோமாசிக் கரண்டி: கரண்டி பூரணம் வைக்க, சக்கரம் ஓரம் வெட்ட.

உள்பக்கம் வரிவரியாகப் பள்ளம் வைத்த மண்சட்டி வெறும் அலங்கார வேலை இல்லை. களைந்த அரிசியை நீரோடு அலைத்து அலைத்துச் சரிக்கும்போது கல்லும் மணலும் அந்த வரிகளில் தங்கிவிடும், அரிசி மட்டும் வெளியேறும். யாழ்ப்பாணத்தில் இதை அரிக்கன்சட்டி என்பார்கள். கல் நீக்கிய அரிசி பையில் வந்த பிறகு இதன் தேவை தீர்ந்தது.

தென்னை நார் அல்லது வைக்கோலால் முறுக்கிய வளையம் பிரிமணை. அடி உருண்ட பானை தரையில் நிற்காது என்பதால் அதற்கு இது ஆசனம். துணியால் சுற்றியிருந்தால் அது பெரும்பாலும் சும்மாடு, தலைக்கு உரியது. தேங்காய் துருவும் மணையை வடிவம் பார்த்துச் சிறுவர் மரக்குதிரை என்பது வியப்பில்லை. தாய்லாந்தில் இதே கருவியின் பலகையை முயல் உருவிலேயே செதுக்கி, அதை முயல் என்றே அழைக்கிறார்கள். அங்கும் இங்கும் வேலை ஒன்றுதான்: மேலே உட்கார்ந்து உடல் பாரத்தால் மணையை அசையாமல் நிறுத்திவிட்டு, இரண்டு கையாலும் மூடியைத் திருப்புவது.

ஆழாக்கும் உழக்கும் இப்போது பேனா வைக்கும் குவளைகள். 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி, 8 படி ஒரு மரக்கால். படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறுபட்டது. 1956ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்துக்குப் பிறகு லிட்டர் வந்து அந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியது. விளிம்பருகே முத்திரைக் குத்துகள் இருந்தால் அது கடையில் இருந்த படி. வீட்டுப் படிக்கு முத்திரை தேவையில்லை.

ஈயச்சொம்பு

ஊகம் பிழைத்தால் பொருளே அழிந்துபோகும் சாமான் ஈயச்சொம்பு. ரசம் வைப்பதற்கான இது வெள்ளீயத்தால் ஆனது. வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகும், அடுப்புத் தணலின் சூடோ அதைவிட மிக அதிகம். உள்ளே நீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை சொம்பின் சூடு 100 பாகையை ஒட்டியே நிற்பதால் அது தப்பிக்கிறது. எனவே முதலில் புளித்தண்ணீர், அப்புறம்தான் நெருப்பு. வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனவர் திரும்பி வரும்போது அது உருகி வழிந்திருக்கும். தாளிப்பை வேறு கரண்டியில் செய்து கொட்டுவதும் இதனால்தான்.

இதைவிடப் பெரிய ஆபத்து காரீயம். அது நஞ்சு, தோற்றத்தில் வெள்ளீயத்தை ஒத்திருக்கும். காரீயத்தின் அடர்த்தி சுமார் 11.3, வெள்ளீயத்தினுடையது 7.3, ஆகவே அளவுக்கு மீறிக் கனத்தால் சந்தேகப்பட வேண்டும். தாளில் தேய்த்தால் காரீயம் சாம்பல் நிறக் கோடு போடும். இரண்டும் கலந்த உலோகமும் உண்டு என்பதால், இந்தச் சோதனையில் தேறினாலும் எங்கே வாங்கியது என்று தெரியாத சொம்பில் சமைக்காமல் அலமாரியில் வைப்பதே சரி.

காணக் கிடைக்கும் இடங்கள்

பெயரோடும் இடத்தோடும் பார்க்க விரும்புவோர் முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவுக்குப் போகலாம். இடம் பெயர்த்துக் கட்டிய பழைய வீடுகளைச் சுற்றி வந்தால், எந்தச் சாமான் எந்த மூலைக்கு உரியது என்பது விளங்கும். அகமதாபாதில் 1981 முதல் இயங்கும் விச்சார் அருங்காட்சியகம் பாத்திரங்களுக்கென்றே உள்ளது.

அருங்காட்சியகத்துக்கு இன்னும் போகாத சாமானும் உண்டு. மூக்கு நீண்ட சிறு கிண்ணம் ஒன்றைப் பலர் எண்ணெய் விளக்கு என்று கொள்கிறார்கள். அது குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை. குறைமாதத்தில் பிறந்து, உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லாத சிசுக்களுக்கு மருத்துவமனைச் செவிலியர் இன்றும் அதில் பால் புகட்டுகிறார்கள். மருத்துவ இதழ்களிலும் அது பாலாடை என்ற பெயரிலேயே எழுதப்படுகிறது.