கேபிளை அறுத்த கடலடிப் பள்ளத்தாக்கு

டிசம்பர் 26 என்றாலே நமக்கு 2004 சுனாமிதான் நினைவுக்கு வரும். சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 2006-இல் அதே தேதியில், தைவானின் தென்கோடியில் ஒரு பெரிய நிலநடுக்கம் வந்தது. உயிர்ச்சேதம் குறைவுதான். ஆனால் அன்றிரவு கடலுக்கடியில் 9 தொலைத்தொடர்பு கேபிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. ஆசியாவின் பல நாடுகளில் இணையமும் தொலைபேசியும் முடங்கின. 11 கப்பல்கள் சுமார் 49 நாட்கள் உழைத்துத்தான் அவற்றைச் சரிசெய்தன.

என்னை வியக்க வைத்தது அறுந்த வரிசைதான். கரைக்கு அருகில் இருந்தவை முதலில், ஆழத்தில் இருந்தவை பின்னால். நிலநடுக்கம் நேரடியாக அறுத்திருந்தால் எல்லாம் ஒரே சமயத்தில் போயிருக்கும். குலுக்கலில் சரிந்த சேறும் மணலும் தண்ணீரோடு கலந்து, கனத்த வெள்ளமாகக் கடலடிச் சரிவில் ஓடியிருக்கிறது. 1929-இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே 12 கேபிள்கள் அறுந்ததும் இப்படித்தான். அந்தக் காரணத்தை ஹீசன், யூயிங் என்ற இரு அறிவியலாளர்கள் 1952-இல்தான் விளக்கினார்கள்.

தைவானில் இந்தச் சேற்று வெள்ளத்துக்கு வழி தயாராகவே இருக்கிறது. பிலிப்பைன் கடல் தட்டு ஆண்டுக்குச் சுமார் 8 சென்டிமீட்டர் நகர்ந்து ஆசியக் கண்டத்தின் விளிம்பை மோதுகிறது. அதனால் மலை உயர்கிறது. 3,952 மீட்டர் உயர யூஷான் சிகரமே சாட்சி. உயரும் மலையை மழை கரைக்க, காவ்பிங் ஆறு வண்டலைக் கொண்டுவந்து கடலில் தள்ளுகிறது. ஆற்று முகத்துக்குச் சற்று அப்பாலேயே தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு அதை வாங்கிக்கொண்டு மணிலா அகழி வரை கொண்டுபோகிறது. ஒவ்வொரு வெள்ளமும் அதை அரித்து ஆழமாக்கும். அதே மோதலால் கடல்தரையும் மடிந்து உயர்வதால், நேராகப் போக முடியாமல் அது நடுவழியில் சட்டென்று திரும்பி ஓடுகிறது.

2009 ஆகஸ்டில் மோரகோட் புயல் மூன்றே நாளில் சில இடங்களில் 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மலைச்சரிவில் சியாவோலின் கிராமம் புதைந்து நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த மலைமண் கடலுக்குள் இறங்கியபோது கேபிள்கள் மறுபடி அறுந்தன. மழை ஓய்ந்த சில நாள் கழித்தும், படிந்திருந்த சேறு சரிந்து இன்னும் சிலவற்றை அறுத்தது.

மலை உயரும் வரை இந்தப் பள்ளத்தாக்கும் ஓயாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு நாம் பேசும் பேச்சும் இப்படிப்பட்ட கேபிள்களில்தான் போகிறது. அதனால் கேபிள் போடுகிறவர்கள் கடலின் ஆழத்தோடு கரையிலுள்ள மலையையும் ஆற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.