போர்க்களமும் ஆடுகளமும்

ஒலிம்பிக் விழாவை அறியாதார் இலர். ஆனால், பல நாட்டுப் படைவீரர்கள் மட்டுமே கூடி ஆடும் உலகப் பெருவிழா ஒன்று உண்டென்பதை நம்மில் பலர் அறியோம். அவ்விழா 2007-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் நம் பாலக்காட்டிலிருந்து ஒரு நாள் வண்டிப் பயணத் தொலைவிலுள்ள ஐதராபாத்திலேயே நடைபெற்றது. நம் குடியிருப்புகளில் படையில் பணியாற்றி மீண்டோர் உளர்; படையிற் சேர விழையும் இளைஞரும் உளர். ஆதலின் அவ்விழாவின் வரலாற்றைச் சுருங்கக் கூற விழைகின்றேன்.

அன்பர் சிலர் கேட்கலாம்: "போரிடப் பயின்றவரை ஒன்றாக ஓடவும் நீந்தவும் விடுவதால் விளையும் பயன் யாது? விழா முடிந்ததும் அவரவர் துப்பாக்கி அவரவர் தோளிலன்றோ?" நியாயமான கேள்வியே. வரலாறே இதற்கு விடை கூறட்டும்.

முதல் உலகப் பெரும்போர் 1918 நவம்பரில் ஓய்ந்தது. வெற்றி பெற்ற நேச நாடுகளின் வீரர்கள் ஊர் திரும்பக் கப்பலின்றி ஐரோப்பாவில் காத்திருந்தனர். அவர்களுக்கென 1919 ஜூன் 22 முதல் ஜூலை 6 வரை பாரிஸ் நகரையடுத்த பெர்ஷிங் அரங்கில் நேச நாட்டு விளையாட்டு விழா நடைபெற்றது. இதற்கு வழிகோலியது ஒய்.எம்.சி.ஏ. இயக்கமாகும். அடுத்த ஆண்டே சென்னையில் உடற்கல்விக் கல்லூரி எழுந்ததும் அவ்வியக்கத்தின் சார்பிலேயே. அதனை நிறுவியவர் ஹாரி குரோ பக். பாரிஸ் விழாவில் 18 நாடுகள் கலந்து கொண்டன. ஓட்டம், நீச்சல், மற்போர் ஆகியவற்றோடு கையெறி குண்டு வீசும் போட்டியும் இருந்தது!

அவ்விழா நடந்துகொண்டிருந்தபோதே, ஜூன் 28 அன்று, வெர்சேல்ஸ் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. தோற்ற நாடுகளுக்கு ஆடுகளத்தில் இடமில்லை. வென்றவர் வென்றவரோடு மட்டுமே ஆடினர். இருபதே ஆண்டுகளில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. விளையாட்டுக் குறையால் போர் வந்தது என்று நான் கூறவில்லை. அன்றைய மனநிலைக்கு அவ்விழா ஒரு கண்ணாடி என்றே கூறுகின்றேன்.

இரண்டாம் போருக்குப் பின், 1948 பிப்ரவரி 18 அன்று, பிரான்சு நாட்டின் நீஸ் நகரில் அனைத்துலகப் படைவீரர் விளையாட்டு மன்றம் தோன்றியது. பிரான்சு, பெல்ஜியம், டென்மார்க், லக்சம்பர்க், நெதர்லாந்து ஆகிய ஐந்து நாடுகளே அதனை நிறுவின. 'விளையாட்டின் வழியே நட்பு' என்பது அதன் குறிக்கோள். இம்முறை கதவு அடைக்கப்படவில்லை. போரில் எதிர்ப்பக்கம் நின்ற இத்தாலியும் ஜெர்மனியும் பின்னர் உறுப்பு நாடுகளாயின. மன்றத்தின் முதல் உலகப் பெருவிழா 1995-இல் நடைபெற்ற இடமோ இத்தாலியின் தலைநகராகிய ரோம்! இரண்டாம் விழா 1999-இல் குரோவேசியாவின் சாக்ரெப் நகரில் நடந்தது; அந்நாடு தன் மண்ணில் நடந்த போரிலிருந்து மீண்டு சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மூன்றாம் விழா 2003-இல் இத்தாலியின் கத்தானியாவில் நிகழ்ந்தது.

நான்காம் விழாவே நம் ஐதராபாத் விழா. ஐரோப்பாவிற்கு வெளியே நடந்த முதல் விழா அதுவே. பாய்மரப் படகுப் போட்டி மட்டும் மும்பைக் கடலில் நடைபெற்றது. பின்னர் 2011-இல் ரியோ, 2015-இல் தென்கொரியாவின் முங்யோங், 2019-இல் சீனத்தின் வூகான் என விழா தொடர்ந்தது.

இம்மன்றம் வளர்த்த போட்டிகளில் படைவீரர் ஐந்திறப் போட்டி தனிச் சிறப்புடையது. துப்பாக்கி சுடுதல், தடை தாண்டி ஓடுதல், தடைகளினூடே நீந்துதல், வெடியாக் குண்டை எறிதல், நெடுந்தொலைவு ஓட்டம் என்பனவே அவ்வைந்து. போருக்குக் கற்ற வித்தை அனைத்தும் அங்கே உயிர்ச்சேதமின்றி அளக்கப்படுகின்றது.

வூகான் விழாவில் நம் உள்ளம் நெகிழ ஒரு காட்சி கிட்டியது. கும்பகோணத்தைச் சேர்ந்த ஆனந்தன் குணசேகரன் 2005-இல் படையிற் சேர்ந்தவர். சென்னைப் பொறியாளர் படைப்பிரிவைச் சார்ந்தவர். 2008-இல் காஷ்மீர எல்லையில் கண்ணிவெடியால் இடது காலை இழந்தார். அவரே செயற்கைக்கால் பூண்டு, வூகானில் மாற்றுத் திறனாளி வீரர்களுக்கான 100, 200, 400 மீட்டர் ஓட்டங்களில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். போர் பறித்த காலை எவராலும் திருப்பித் தர இயலாது. ஆயினும் போர் அவரை வீழ்த்திவிடவில்லை என்பதை உலகப் படைவீரர் அனைவர் முன்னிலையிலும் அவர் மெய்ப்பித்தார். முன்னர்க் கேட்ட கேள்விக்கு இதனினும் சிறந்த விடை வேண்டுமோ?

வள்ளுவப் பெருந்தகை படைச்செருக்கு அதிகாரத்தில், பகைவரை எதிர்க்கும் அஞ்சாமை ஆண்மை எனினும், அப்பகைவர்க்குத் துன்பம் நேர்ந்தவிடத்து உதவும் பண்பே அவ்வாண்மையின் கூர்மை என்று உரைக்கின்றார். அக்கூர்மை மழுங்காது காக்கும் சாணைக்கல் ஆடுகளமே.

நமக்கும் இது புதிதன்று. மூணாறு மலைத்தோட்டங்களின் பின்லே கேடயக் கால்பந்தாட்டத்தில் எஸ்டேட்டுக்கு எஸ்டேட் முழங்கி மோதுவோர், ஆட்டம் முடிந்ததும் ஒரே கடையில் தேநீர் அருந்தக் காண்கின்றோம். பாலக்காட்டுக் குஞ்ஞுமுகம்மதும் திருச்சி மாவட்டத்து ஆரோக்கிய ராஜீவும் நம் தரைப்படை வீரர்கள். 2016 ரியோ ஒலிம்பிக் தொடரோட்டத்தில் ஒரே அணியில் ஓடினர். மலையாளமும் தமிழும் ஒரே கோலைக் கைமாற்றிக்கொண்டன அன்றோ!

ஆகவே, விளையாட்டு விழாவால் போர் ஒழிந்துவிடும் என்று நம்ப வேண்டா. எனினும், எதிரில் நிற்பவனும் தாய் ஒருத்தியின் மகனே என்பதை ஒருமுறை கண்டறிந்தவன் அதனை எளிதில் மறவான். வென்றவனும் தோற்றவனும் கூடி ஆடும் களங்கள் உலகெங்கும் பெருகுக! நம் குடியிருப்பு இளைஞர்களும் அக்களங்களில் பெயர் பெறுவார்களாக!