நீத்தல் என்னும் சொல்

ஒன்றை விட்டொழித்தலைக் குறிக்கத் தமிழிற் சொற்கள் பல உள. துறத்தல், நீத்தல், விடுதல், ஒருவுதல் என்பன அவற்றுட் சில. வடசொல்லாகிய தியாகம் என்பதும் கைவிடுதலையே அடிப்பொருளாக உடையது. கொடைப்பொருளும் தந்து, திருவாரூர்ப் பெருமானுக்குத் தியாகராசர் என்னும் திருநாமமாக அது விளங்குகின்றது.

இவற்றுள் நீத்தல் என்னும் சொல்லே ஈண்டு நாம் ஆராயப் புகுந்தது. திருவள்ளுவர் துறவு என்பதனை 35ஆம் அதிகாரமாக வகுத்தார்; அதற்கு நெடுமுன்னரே, 3ஆம் அதிகாரத்தில் துறந்தோரைப் போற்றுமிடத்து, நீத்தார் பெருமை எனத் தலைப்பு வைத்தார். ஆண்டு நீப்பவன் மனிதன், நீக்கப்படுவது உலகப்பற்று. நீத்தார் கடன் என நாம் வழங்குமிடத்தோ உயிர் நீத்தவரை அச்சொல் குறிக்கின்றது.

மணிவாசகப் பெருமானிடத்தே இச்சொல் திசை திரும்புகின்றது. பாண்டியனுக்கு அமைச்சராயிருந்து, குதிரை வாங்கக் கொண்டு சென்ற பொருளையெல்லாம் திருப்பெருந்துறைத் திருப்பணிக்கே ஆக்கியவர் அவர் என்பது புராண வரலாறு. பதவியும் செல்வமும் அரசன் தயவும் போயின. இனி நீப்பதற்கு அவரிடம் யாது உண்டு? ஆயினும் திருவாசகத்தில் 6ஆம் பகுதிக்கு நீத்தல் விண்ணப்பம் என்பதே பெயர். 50 பாடல்கள் கொண்டது அது. திருவுத்தரகோசமங்கையில் அருளியது என்பர். ஆங்கு நீப்பவன் இறைவன். நீக்கப்படுவோமோ என்று நடுங்குபவர் அடிகள். தம் குற்றங்களையும் ஐம்புலன்களின் அலைப்பையும் ஒன்றும் ஒளியாது எடுத்துரைத்து, என்னை விட்டுவிடாதே என்று அவர் மன்றாடுகின்றார். நீத்தலைச் செய்யாதே என வேண்டும் விண்ணப்பமாதலின் நீத்தலின்மை விண்ணப்பம் என்றிருத்தல் வேண்டும் எனச் சிலர் கருதலாம். அஞ்சிய பொருளின் பெயரையே விண்ணப்பத்துக்கு இட்டமை எமக்கு மிகப் பொருத்தமாகவே தோன்றுகின்றது.

முன்னோர் இப்பகுதிக்குப் பிரபஞ்ச வைராக்கியம் எனக் கருத்துரைத்தனர். உலகை வெறுத்தல் என்பது அதன் பொருள். பாடலிற் கேட்பதோ கைவிடாதே என்னும் ஓலம். முரணன்று அன்பர்களே! உலகப் பிடியை விட்டவனுக்குப் பற்றிக்கொள்ள ஒரு கை வேண்டும். அக்கையும் நழுவுமாயின் அவன் நிலை என்னாவது? எல்லாம் துறந்த பின்னரே இவ்வச்சம் முழுமையாகப் பிறக்கின்றது.

முன்னொருகால் ஒரு திருவாதிரைத் திருநாளில் யாம் இதனை விரித்துரைத்தபோது, முதிய அம்மையார் ஒருவர் எழுந்து, "ஐயா, பேரப்பிள்ளைகளை விட்டு ஒரு நாளும் இருக்க மாட்டாதவள் நான், எதையும் துறவாத நான் இதைப் பாடலாமா?" என்று வினவினார். அடிகள் அப்பாடல்களில் தம் துறவைச் சொல்லி எதையும் கேட்கவில்லை, தம் குறைகளைச் சொல்லியே கேட்கின்றார் என்றேன். அம்மையார் சற்றே பேசாதிருந்தார். பின்னர், எழுத்துப் பெரிதாக அச்சிட்ட திருவாசகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.