காத்திருக்கும் கணை

ஹிஜ்ரி 189இல் (கி.பி. 805) மறைந்த இமாம் முஹம்மத் இப்னுல் ஹஸன் அஷ்ஷைபானீ (ரஹ்) ஈராக்கின் வாஸித் நகரில் பிறந்தவர், போர், உடன்படிக்கை ஆகியவை குறித்த சட்டங்களைத் தனித்துறையாக வகுத்த முன்னோடி. குழந்தைகளும் அகப்பட்டிருக்கும் கோட்டையின்மீது மின்ஜனீக் எனும் கல்லெறி பொறியை இயக்கலாமா என்ற வினாவை ஹனஃபீ அறிஞர்கள் ஆராய்ந்தனர். எறிபவரின் நாட்டம் போராளியை நோக்கியே இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் விதித்த நிபந்தனை. கல் விழும் இடம் அவர் வசத்தில் இல்லை. நிய்யத் அவர் வசத்தில் உள்ளது.

அதே ஈராக் மண் பின்னாளில் வான்வழிப் போரின் சோதனைக்களமாயிற்று. 1921 மார்ச்சில் கெய்ரோவில் சர்ச்சில் கூட்டிய மாநாட்டின் முடிவுப்படி, 1922 அக்டோபரில் அந்நாட்டின் படைப்பொறுப்பு பிரிட்டிஷ் விமானப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. செலவைக் குறைப்பதே முதன்மை நோக்கம். பணிய மறுத்த கிராமங்கள்மீது குண்டுகள் விழுந்தன.

1991 வளைகுடாப் போரில் அதே விமானப் படை ‘அலார்ம்’ எனும் புதிய ஏவுகணையைக் கொண்டுவந்தது. டொர்னாடோ விமானத்திலிருந்து விடுபடும் அக்கணை சுமார் 13 கிலோமீட்டர் உயரம்வரை ஏறவல்லது. கீழே ராடார் அணைக்கப்பட்டால் பாராசூட்டை விரித்து மெல்ல இறங்கியவாறே காத்திருக்கும். ராடார் மீண்டும் இயங்கினால் அதன்மீது பாயும். ராடாரை இயக்கினால் அழிவு, அணைத்தால் குருட்டுத்தன்மை. எனவே வெடிக்காமலேயே அது வென்றுவிடும். 2013இல் அது படையிலிருந்து விலக்கப்பட்டது.

அதன் இலக்கு படைக்கருவியே என்பதை நேர்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும், எய்த பின்னர் எதைத் தாக்குவது என்று தேர்ந்தது பொறியன்றோ? அங்கே நிய்யத் யாருடையது?

2020இல் கராபாக் போரில், முஸ்லிம்கள் பெரும்பான்மையினரான அஸர்பைஜான், இஸ்ரேலியத் தயாரிப்பான ‘ஹாரோப்’ எனும் வட்டமிடும் கணையைப் பயன்படுத்தியது. அதன் கேமரா வழியே மனிதர் இலக்கைப் பார்க்கலாம். இறுதித் தறுவாயிலும் தாக்குதலைக் கைவிடலாம். ஆகவே காத்திருப்பு தன்னளவில் குற்றமன்று. போருக்குப் புறப்படுவோர் தெளிவுபெற்றுச் செயல்பட வேண்டும் என்பது திருக்குர்ஆனின் (4:94) கட்டளை. பொறி ஈட்டித்தரும் அந்தச் சில நிமிடங்கள் தெளிவு பெறுவதற்கா, பதுங்கியிருப்பதற்கா? இவ்வினா ஆயுதம் செய்வோரை மட்டுமல்ல, அதை விலைக்கு வாங்கும் முஸ்லிம் அரசுகளையும் நோக்கியது.