துருப்பிடிக்காத எஃகின் மேற்பரப்பு வேலைப்பாடு

துருப்பிடிக்காத எஃகின் மேற்பரப்பு வேலைப்பாடு என்பது, கட்டடங்களிலும் சிற்பங்களிலும் அறைகலன்களிலும் பயன்படும் எஃகுத் தகட்டின் புறப்பரப்பைத் தேய்த்தும், மெருகேற்றியும், நிறமூட்டியும் விரும்பிய தோற்றத்திற்குக் கொண்டுவருவதாகும். இவ்வெஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் உண்டு. அது ஆக்சிசனுடன் சேர்ந்து உருவாக்கும் மெல்லிய ஆக்சைடுப் படலமே துருவைத் தடுக்கிறது. எனவே வண்ணப்பூச்சு தேவையில்லை; உலோகத்தின் பரப்பே வெளித்தோற்றமாகிறது.

உராய்பொருளால் ஒரே திசையில் தேய்த்தால் நுண்கோடுகள் கொண்ட 4ஆம் எண் பரப்பு கிடைக்கும். மின்தூக்கிக் கதவுகளில் பெரும்பாலும் காணப்படுவது இதுவே. 8ஆம் எண் பரப்பு கண்ணாடி போன்றது. கைரேகையும் கீறலும் அதில் எளிதில் தெரியும்.

நிறமூட்டலில் சாயம் ஏதும் சேர்வதில்லை. குரோமிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த சூடான கரைசலில் தகட்டை அமிழ்த்தி, ஆக்சைடுப் படலத்தைத் தடிப்பாக்குவர். ஒளியின் குறுக்கீட்டு விளைவால், தடிப்புக்கேற்ப நீலம், பொன்நிறம், சிவப்பு, பச்சை முதலிய நிறங்கள் தோன்றும். சோப்புக் குமிழியில் நிறங்கள் தெரிவதும் இவ்வாறே. ஆனால் நிறப்படலத்தில் கீறல் விழுந்தால் சரிசெய்வது கடினம்.

பரப்பின் தேர்வு அழகைப் பற்றியது மட்டுமன்று. பிராங்க் கெரி வடிவமைத்து, 2003இல் லாஸ் ஏஞ்சலசு நகரில் திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி இசையரங்கின் பெரும்பகுதி மங்கலான பரப்புடையது. ஒரு பகுதியின் குழிவான தகடுகள் மட்டும் கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்டிருந்தன. அவை வெயிலைக் குவித்து, அருகிலிருந்த குடியிருப்புகளையும் நடைபாதையையும் சூடாக்கின. 2005இல் அத்தகடுகள் தேய்த்து மங்கலாக்கப்பட்டன.

கடலோரங்களில் நிலைமை வேறு. கரடான பரப்பின் பள்ளங்களில் உப்பும் அழுக்கும் தங்கி அரிப்பைத் தூண்டுவதால், அங்கு வழுவழுப்பான பரப்பே ஏற்றது. தேய்ப்புக் கோடுகளைச் செங்குத்தாக அமைத்தால் மழைநீர் அழுக்கைக் கழுவிச் செல்லும்.